முதல் 300 கிலோமீட்டர் சைக்கிள் பிஆர்எம், ஆடிக் காற்று, மரத்துப்போகும் விரல்கள். போகலாமா வேண்டாமா?

கணபதி_லேத் எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் நீங்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எனக்கே ஒரு குழப்பம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 46. கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை, பம்பு ஷாஃப்ட் கடைசல் வேலை. மூன்று வருடம் முன்னால் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நடப்பது எனக்குச் சலிப்பு, அதனால் சைக்கிள் வாங்கினேன். நேர் ஹேண்டில் வைத்த ஹைப்ரிட். முதலில் சிங்காநல்லூர் வரை, அப்புறம் மருதமலை, அப்புறம் ஞாயிறு தவறாமல் பொள்ளாச்சி போய் டீ குடித்துவிட்டு வருவது என்று அது வளர்ந்து, போன டிசம்பரில் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) ஒன்றில் பேர் கொடுத்துவிட்டேன். பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள், நான் 13 மணி 5 நிமிடத்தில் முடித்தேன். வாழ்க்கையில் பத்தாம் வகுப்பு பாஸானபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

இப்போது ஜூலை கடைசியில் 300 வருகிறது. கோவையில் காலை 5 மணிக்குக் கிளம்பி பொள்ளாச்சி, உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் தாண்டி திண்டுக்கல்லுக்கு முன்னால் திரும்பி அதே வழியில் வரவேண்டும். 20 மணி நேரம். அதாவது ராத்திரி ஒரு மணிக்குள் உள்ளே வரணும்.

சிக்கல் மூன்று. ஒன்று, 200 முடித்தபின் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நாலு நாள் மரத்தே இருந்தன. பட்டறையில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் உள்ளங்கையில் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்குக் கைதான் சோறு போடுகிறது. இரண்டு, அந்த மாதத்துக் காற்று. மூன்று, வீடு. "ஒரு மெடலுக்காகவா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. அந்த மெடலையும் முடித்தவர்கள் காசு கட்டித்தான் வாங்கணும், முதல் பரிசு இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது என்று உண்மையைச் சொன்னேன். சிரித்தவள், சிரித்து முடித்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். இரண்டு வாரமாகச் சாப்பாடு மட்டும் வருகிறது.

போகலாமா? அல்லது 200ஓடு நிறுத்திக்கொள்வது மரியாதையா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

---

உடுமலைக்காற்று எழுதியது:

போங்க. ஆனால் எந்தச் சாலையில் எந்த மாதத்தில் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்க.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றதை எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருந்துதான் எவனோ சொல்லியிருக்கணும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் ஒரு வாய் திறந்து கிடக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று மொத்தமும் அந்த வாய் வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று கிழக்கே அடிக்கும். இங்கே காற்றாலை இத்தனை நிற்பது சும்மா இல்லை. நீங்கள் போகும்போது அது முதுகில், வரும்போது மூஞ்சியில்.

என் முதல் 300 இதே மாதிரி ஒரு ஜூலையில், இதே பாதையில்தான். உடுமலை தாண்டியதும் 30இல் போய்க்கொண்டிருக்கிறேன், மூச்சுகூட வாங்கவில்லை. பயிற்சி பலித்துவிட்டது என்று ஒரே பெருமை. காற்று தள்ளியதை என் கால் தள்ளியதாக நினைத்துக்கொண்டேன். திரும்புகிற இடத்துக்குப் பத்தரைக்கே போய், ஒரு பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வெயிலில் சைக்கிளைத் திருப்பினேன் பாருங்க, மடத்துக்குளம் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. சமதளத்தில் 9 கிலோமீட்டர் வேகம். மிதிப்பதை நிறுத்தினால் பின்னால் போய்விடுமோ என்று இருந்தது. 20 மணி நேரத்தில் 12 நிமிடம் மிச்சம் வைத்து முடித்தேன், அதுவும் கோவைக்காரர் ஒருவர் கடைசி 60 கிலோமீட்டர் முன்னால் போய் எனக்காகக் காற்றை வாங்கிக்கொண்டதால். இன்னொரு ரைடர் பின்னால் ஒட்டிப் போவது விதிக்கு உட்பட்டதுதான், வண்டிக்குப் பின்னால் போகத்தான் கூடாது.

கணக்கு இதுதான். போகும்போது காற்று எவ்வளவு ஆசை காட்டினாலும் காலுக்கு வேலை கொடுக்காதீங்க, உங்க பாட்டுக்கு மிதிச்சாலே மணிக்கு 22, 23 வரும். பதினொன்றரைக்குத் திரும்பும் இடம். மீதி 150 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் படுத்தாலும் மணிக்கு 12 வந்தால் போதும். 12 என்பது கேவலமான வேகம் என்று மனசு சொல்லும். அந்த மனசைத் திண்டுக்கல் பக்கமே விட்டுட்டு வாங்க. மத்தியானத்தில் இருந்து சாயந்திரம் வரைதான் காற்றுக்கு வெறி, பொழுது சாய்ந்ததும் பெரும்பாலும் தணியும். அந்த நேரத்துக்குக் காலில் ஏதாவது மிச்சம் இருக்கணும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பொள்ளாச்சி வந்ததும் எதிர்க்காற்று முடிந்தது என்று நிம்மதியாகிவிடாதீங்க. அங்கிருந்து கோவைக்கு வடக்கே வருகிறீர்கள், காற்று இடது பக்கம் அடிக்கும். இடது பக்கம் தென்னந்தோப்பு இருக்கும்வரை தெரியாது, தோப்பு முடிந்து வெட்டவெளி வந்த வினாடியில் உங்களை வலது பக்கம், அதாவது லாரி வரும் பக்கம், ஒரு தள்ளு தள்ளும். கிணத்துக்கடவு வரை இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கட்டும், போன் எடுக்கிற வேலை வேண்டாம்.

---

பிசியோ_ஆர்எஸ்புரம் எழுதியது:

விரல் விஷயம் மட்டும் நான்.

முழங்கை மூலையில் எங்காவது இடித்தால் சுரீர் என்று கரண்ட் பாய்கிற மாதிரி இருக்குமே, அதே நரம்புதான். முழங்கையில் இருந்து இறங்கி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை மேட்டுக்கு அடியில் புகுந்து, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் போகிறது. நேர் ஹேண்டிலில் பிடிக்க ஒரே ஒரு இடம்தான். பதின்மூன்று மணி நேரம் உடம்பின் முன்பாரத்தை அந்த மேட்டின் மேல் வைத்து அழுத்தினால் மரக்காமல் என்ன செய்யும்?

முதலில் சீட்டைப் பாருங்கள். மூக்கு கீழ்ப் பக்கம் சாய்ந்திருந்தால் நீங்கள் சறுக்கிக்கொண்டே இருப்பீர்கள், அதைக் கையால் தாங்குவீர்கள். இருபது பேர் கை வலி என்று வந்தால் அதில் பாதிப் பேருக்கு நான் சீட்டைத்தான் நிமிர்த்தி அனுப்புகிறேன். அப்புறம் ஹேண்டிலை ஒரு இரண்டு விரற்கடை உயர்த்துங்கள். இரண்டு முனையிலும் கொம்பு மாதிரி பார் எண்டு மாட்டினால் பிடியை மாற்றிக்கொள்ள ஒரு இடம் கிடைக்கும். டயரில் கல்லு மாதிரி காற்று அடிக்காதீர்கள், ரோட்டின் அதிர்வு முழுக்க கைக்குத்தான் வரும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கையை உதறுங்கள் (மேலே சொன்ன கிணத்துக்கடவு சாலையில் வேண்டாம்).

ஒரு சோதனை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை, கட்டைவிரலை நீட்டி வைத்தபடி, இறுக்கிப் பிடியுங்கள். வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும்போது கட்டைவிரல் நுனி தானாக மடங்கிக்கொண்டால் நரம்புப் பாதிப்பு உணர்ச்சியோடு நிற்கவில்லை, தசைக்கும் பலம் குறைகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் ஜூலையை மறந்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். மடங்கவில்லை என்றால், மாற்றங்களைச் செய்துவிட்டு 100 ஒரு முறை, 150 ஒரு முறை போய்ப் பாருங்கள். மறுநாள் காலையில் மரப்பு இல்லை என்றால் 300க்குப் போகலாம், இருந்தால் வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால் அன்றைக்கு எவ்வளவு, எப்போது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டே ஆகணும். நாள் முழுக்க மிதிக்கும்போது சில மாத்திரைகள் சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிடும். இதை இங்கே யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும்கூட.

---

ரான்டனர்_வீட்டம்மா எழுதியது:

நான் சைக்கிள் ஓட்டுபவள் இல்லை. என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். ஒரே சீசனில் 200, 300, 400, 600 நாலும் முடித்தால் எஸ்ஆர் என்கிறார்களே, அதை இரண்டு முறை முடித்தவர். அவருடைய கணக்கில் நுழைந்துதான் எழுதுகிறேன், அவருக்குத் தெரியும்.

அண்ணா, உங்கள் வீட்டில் அக்கா பேசாமல் இருப்பது மெடலுக்காக இல்லை. இருபது மணி நேரம் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியது அவர்கள். நீங்கள் ரோட்டில் இருப்பீர்கள், உங்களுக்கு அது தெரியாது. காற்று, டீ, கூட்டாளி என்று உங்களுக்குப் பொழுது போய்விடும்.

இவருடைய முதல் 300 அன்று மத்தியானம் மூன்று மணிவரை ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. தயிர்சாதமும் மாவடுவும் கட்டிக்கொண்டு, தம்பியை வண்டி எடுக்கச் சொல்லி, அவர் வரும் வழியில் போய் நின்றேன். தூரத்தில் வருகிறார், தலையெல்லாம் புழுதி, உதடு வெடித்திருக்கிறது. டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டுகிறேன். மனுஷன் நிற்காமல் "இங்க வாங்கக் கூடாதும்மா, கன்ட்ரோலுக்கு வா, கன்ட்ரோலுக்கு வா"ன்னு கத்திக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டார்! கன்ட்ரோல் என்று அவர்கள் முத்திரை வாங்குகிற இடத்தில் தவிர வேறு எங்கேயும் சொந்தக்காரர் உதவி வாங்கினால் செல்லாதாம். கடையில் காசு கொடுத்து எதுவும் வாங்கலாம், பொண்டாட்டி கையால் ஒரு வாய் சோறு வாங்கக் கூடாது. நடுரோட்டில் தயிர்சாதத்தோடு நின்ற நான் அன்றைக்கு இவரோடு வாழ்வதா என்றே யோசித்தேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒப்பந்தம். கிளம்புவதற்கு முன் கன்ட்ரோல் எந்தெந்த ஊரில், எத்தனை மணிக்கு மூடும் என்று எழுதிய தாள் ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் இருக்கணும். ஒவ்வொரு கன்ட்ரோலிலும் டீ குடிப்பதற்கு முன்னால் ஒரு வரி மெசேஜ். போனில் லொகேஷன் ஓடிக்கொண்டே இருக்கணும், அதற்குச் சார்ஜ் போட பவர்பேங்க். முடிகிற இடத்துக்கு நான் வருவேன், அங்கே வரலாம். கடைசியாக, எனக்கு முக்கியமானது இதுதான்: நடுவில் விட்டுவிட்டு வந்தால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம், நீங்களும் பத்து நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கக் கூடாது.

இந்தத் தாளை எழுதி அக்கா கையில் கொடுத்துப் பாருங்கள். பேசுவார்கள். திட்டித்தான் ஆரம்பிப்பார்கள், அது வேறு.

---

பாதயாத்திரை_மாமா எழுதியது:

தம்பி, நான் சைக்கிளுக்கு வந்ததே 52 வயசில். அதுக்கு முன்னாடி இருபது வருஷத்துக்கு மேல் தைப்பூசத்துக்குக் கோவையில் இருந்து பழனிக்கு நடை. நூறு கிலோமீட்டருக்கு மேல, மூணு நாள். அந்த ரோட்டின் ராத்திரி எனக்கு அத்துப்படி, அதனால் முதலில் இருட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

தைப்பூசத்து நடையில் முதுகிலும் பையிலும் மின்னுகிற ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்களே, எதற்கு? லாரிக்காரருக்குக் கூட்டமாகப் போகும் ஆயிரம் பேரே தெரியவில்லை என்றுதான். நீங்கள் ஒத்தை ஆள். ரிஃப்ளெக்டர் சட்டையும் முன்பின் லைட்டும் விதிப்படி கட்டாயம் என்பதால் கடமைக்கு ஒன்றை மாட்டாமல், பின் லைட் இரண்டாகப் போடுங்க. ஒன்று அணைந்தால் உங்களுக்குத் தெரியாது, அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளா போகிற லாரிகள் நீங்கள் திரும்புகிற அதே திசையில்தான் போகும். அவங்களுக்கு அவசரம், காய் வாடக்கூடாது. ஓரமாக, நேர்க்கோட்டில், ஆடாமல் போங்க.

தண்ணீர். நான் ஒரு 400இல் இதில்தான் விழுந்தேன். வெயில் என்று பயந்து வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினேன், கணக்கே இல்லை. சாயந்திரம் தலைவலி, கை வீக்கம், அப்புறம் வாந்தி. தண்ணீர் பற்றவில்லை போல என்று இன்னும் குடித்தேன். எந்த ஊர் தாண்டியிருக்கிறேன் என்றே புரியவில்லை. கூட வந்த பையன் என் பேச்சு சரியில்லை என்று பார்த்து உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குச் சொன்னான். வேர்வையில் உப்பும் போகிறது, நான் தண்ணீரை மட்டும் ஊற்றி இருந்த உப்பையும் நீர்த்துவிட்டேன் என்றார் அங்கே டாக்டர். தாகம் எடுத்தால் குடிங்க, கூடவே உப்பும். உப்புப் போட்ட மோர், ஊறுகாய், உப்புக்கடலை, எது இறங்குதோ அது. ஓஆர்எஸ் பொடி என்றால் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைங்க, அரை லிட்டர் பாட்டிலில் முழுசாகக் கொட்டுகிற ஆளை நிறையப் பார்த்துவிட்டேன்.

தூக்கம். காலையில் மூன்றரைக்கு எழுந்திருப்பீங்க, முந்தின ராத்திரி பயத்தில் தூக்கமே வந்திருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வெள்ளைக்கோடு நெளிய ஆரம்பித்தால், சுத்தி யாரோ பேசுகிற மாதிரி கேட்டால், பெட்ரோல் பங்க் பக்கம் ஒதுங்கி இருபது நிமிஷம் அலாரம் வைத்துப் படுங்க. இருபது நிமிஷம் போனால் டைம் போகும் என்று யோசிக்கிறவன் தூங்கிக்கொண்டே ஓட்டுகிறவன். முடித்தபின் பைக்கோ காரோ நீங்களே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீங்க, இதைச் சாமி சத்தியமாகச் சொல்கிறேன். முந்நூறு கிலோமீட்டர் ஒன்றும் ஆகாமல் வந்தவர்கள் கடைசி எட்டு கிலோமீட்டரில் விழுந்த கதை எனக்கு இரண்டு தெரியும்.

அந்த 400ஐ நான் முடிக்கவில்லை. மறு வருஷம் முடித்தேன்.

---

பஞ்சர்_ஒட்டி எழுதியது:

எல்லோரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள், டயரைப் பற்றி யாராவது பேசினீர்களா? நாற்கர ரோட்டின் ஓரத்தில் வெடித்த லாரி டயரின் இழைக்கம்பி தலைமுடி கனத்துக்குக் கிடக்கும். அது குத்தினால் காற்று ஒரேயடியாகப் போகாது, மெதுவாக இறங்கும். டியூபை மாற்றிவிட்டுப் போவீர்கள், இருபது கிலோமீட்டரில் மறுபடி இறங்கும், ஏனென்றால் கம்பி இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. டயரின் உள்பக்கத்தைப் பஞ்சாலோ துணியாலோ துடைத்துப் பாருங்கள், நூல் மாட்டும் இடத்தில் கம்பி. புருவம் பிடுங்குகிற சாமணம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டியூப் மூன்று. பம்பு.

1891இல் முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயம் நடந்தபோது, 1200 கிலோமீட்டர், ஜெயித்த சார்ல்ஸ் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் தூங்காமல் வந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் ஓட்டியது அப்போதுதான் புதிதாக வந்திருந்த, கழற்றி மாட்டக்கூடிய மிஷலின் டயர் என்பதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். இப்போது அதே பாதைக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறை 90 மணி நேரம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள், அடுத்தது 2027. லேத் அண்ணன் அந்தப் பக்கம் யோசித்தால் முதலில் வீட்டில் கேட்டுக்கொள்ளவும் :)

---

கணபதி_லேத் எழுதியது:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

பிசியோ சார், பட்டறையில் ஸ்பிரிட் லெவலைச் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். மூக்கு நன்றாகவே கீழே சாய்ந்திருந்தது. தினமும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்க்கிறவன் சொந்தச் சைக்கிளைப் பார்க்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. ஹேண்டிலுக்கு அடியில் வைக்க ஸ்பேசர் நானே கடைந்து போட்டேன். காகிதச் சோதனைக்குப் பையனை இழுக்கச் சொன்னேன், கட்டைவிரல் மடங்கவில்லை. நேற்று நூறு போய் வந்தேன், இன்றைக்குக் காலையில் சுண்டுவிரல் ஓரம் லேசாகக் குறுகுறுப்பு இருந்தது, டிபன் சாப்பிடுவதற்குள் போய்விட்டது. இது கணக்கில் சேருமா சேராதா என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் 150. மாத்திரை எடுக்கவில்லை, ஆனாலும் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

வீட்டம்மா, நீங்கள் சொன்ன தாளை எழுதி டைனிங் டேபிளில் வைத்தேன். ஒரு மணி நேரம் அது அங்கேயே கிடந்தது. அப்புறம் எடுத்துப் பார்த்துவிட்டு "பழனிக்கு எதுக்கு ரெண்டு தடவை மணி போட்டிருக்கு?" என்றாள். போக ஒன்று, வர ஒன்று என்றேன். "வரும்போது கன்ட்ரோல் பழனியில்தானே, அங்க வந்தா சோறு வாங்கிப்பீங்களா, இல்ல அந்த ஆள் மாதிரி கத்திட்டே ஓடிருவீங்களா?" இந்தத் திரியை எப்போது படித்தாளோ தெரியவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு மச்சினனோடு ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு முடிகிற இடத்துக்கு வருகிறாளாம், சைக்கிளைப் பின்னால் போட்டுக்கொள்ளலாமாம்.

உடுமலை அண்ணா, ஒரு கேள்வி பாக்கி. திரும்பும்போது அந்த மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் படுக்க ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவில் நிழலான இடம் எது?

---

உடுமலைக்காற்று எழுதியது:

ரோட்டோரப் புளியமரம் நிறைய வெட்டிவிட்டார்கள், முன்ன மாதிரி இல்லை. நாளைக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு எழுதுகிறேன். நாய் இல்லாத இடமாகப் பார்க்கிறேன்.